பி.டி. பீரியடைக் கடன் வாங்கிய கணக்கு டீச்சர்!



உங்கள் கால அட்டவணையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வாரத்தில் ஓரிரு கட்டங்களில் 'உடற்கல்வி' அல்லது 'பி.டி.' என்று எழுதியிருக்கும். அந்தப் பீரியட் உங்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கிறதா?

"எங்கே கிடைக்குது? பரீட்சை வருதுன்னு கணக்கு டீச்சர் வாங்கிக்கிட்டாங்க!" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது.

அந்தக் கணக்கு டீச்சர் வேறு யாருமில்லை. நானேதான்!

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பல வருடங்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் போதும், பி.டி. டீச்சரிடம் போய் நிற்பேன். "இந்த ஒரு பீரியட் மட்டும் கடன் கொடுங்க" என்பேன். அவரும் கொடுப்பார். வாங்கிய கடனை ஒரு நாளும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

இப்போது பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். பழைய கடன் உறுத்துகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் அடைக்கப் பார்க்கிறேன்.

சுண்ணாம்புக் கோடு சொன்ன பாடம்

ஒரு நாள் வழக்கம்போலக் கடன் கேட்கப் போனேன். பி.டி. டீச்சர் மைதானத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். விளையாட்டு விழாவுக்குக் கோடு போட வேண்டும். ஒரு முளைக்குச்சி, ஒரு நீளக் கயிறு, ஒரு வாளியில் சுண்ணாம்புத் தூள். கூட நான்கு பெண்கள்.

"டீச்சர், இன்னைக்கு நான் தர மாட்டேன். வேணும்னா உங்க கணக்கை இங்க கொண்டு வாங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

சரி, பார்ப்போம் என்று மொத்த வகுப்பையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்தேன்.

ஓடுகளத்தின் இரண்டு முனைகளும் அரைவட்டங்கள். முளைக்குச்சியை நட்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தால் அரைவட்டம் கிடைக்கும். முதல் கோடு போட்டாயிற்று. கயிற்றை ஒரு மீட்டர் நீட்டி இரண்டாவது கோடும் போட்டாயிற்று.

"டீச்சர், வெளிக்கோட்டுல ஓடுறவ அதிக தூரம் ஓடணுமே! அது அநியாயம் இல்லையா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அருமையான கேள்வி! "எவ்வளவு அதிகம்? நீங்களே கண்டுபிடிங்க" என்றேன்.

இரண்டு முனைகளிலும் உள்ள அரைவட்டங்களைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம். வட்டத்தின் சுற்றளவு என்ன? இரண்டு பெருக்கல் பை பெருக்கல் ஆரம். ஆரம் ஒரு மீட்டர் கூடினால், சுற்றளவு 2 x 3.14, அதாவது சுமார் 6.28 மீட்டர் கூடும். வட்டம் சின்னதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் கூடுவது அதே 6.28 மீட்டர்தான். கிணற்றைச் சுற்றி வட்டம் போட்டாலும் சரி, நம் மலைக்கோட்டைப் பாறையைச் சுற்றி ஒரு மாபெரும் வட்டம் போட்டாலும் சரி! நம்ப முடிகிறதா? நோட்டில் போட்டுப் பாருங்கள்.

வகுப்பறையில் பத்துத் தடவை சொல்லியும் மனத்தில் நிற்காத சூத்திரம் அன்று அரை மணி நேரத்தில் நாற்பது பேருக்கும் புரிந்துவிட்டது.

பெரிய போட்டிகளில் 400 மீட்டர் ஓடுகளத்தில் ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். அதனால் ஒரு பாதை வெளியே போனால் ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் தூரம் கூடும். எல்லோரும் ஒரே கோட்டில் நின்றால் வெளியே இருப்பவர் பாவம் அல்லவா? அதனால்தான் 400 மீட்டர் ஓட்டத்தில் வீரர்களைப் படிக்கட்டு போல முன்னும் பின்னுமாக நிறுத்துகிறார்கள். எட்டாவது பாதையில் இருப்பவர் முதல் பாதையில் இருப்பவரைவிடச் சுமார் 53 மீட்டர் முன்னால் நிற்பார். பார்க்க அநியாயம் போலத் தெரியும். உண்மையில் அதுதான் நியாயம்!

நான் பேசாமல் இருந்த நாள்

அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். விடிகாலையில் அம்மாவோடு தோட்டத்தில் மல்லிகைப் பூ பறித்துவிட்டு, அதற்குப் பிறகு பள்ளிக்கு வருவாள். வெறுங்காலில் ஓடுவாள். தொடர் ஓட்டத்தில் கடைசிக் குச்சி அவள் கையில் வந்துவிட்டால் எங்கள் முல்லை அணி ஜெயித்த மாதிரிதான். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சோப்பு டப்பா என்று அவள் வாங்கிய பரிசுகள் அவள் வீட்டு அலமாரியில் வரிசையாக இருந்ததாகத் தோழிகள் சொல்வார்கள்.

எட்டாம் வகுப்பு பாதியில் அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். "பெரிய பிள்ளை ஆயிட்ட, இனிமே ஓட்டம் எதுக்கு?" என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

பி.டி. டீச்சர் என்னிடம் வந்தார். "நீங்க வகுப்பாசிரியை. நீங்க போய் அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க" என்றார்.

நான் போகவில்லை. 'நல்லதுதான், இனி கணக்கை ஒழுங்காகப் போடுவாள்' என்றுகூட நினைத்தேன்.

நான் செய்தது தவறு. அது எவ்வளவு பெரிய தவறு என்பது, சில வருடங்கள் கழித்து மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவரின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சக்கிமங்கலத்துப் பாட்டி

திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மதுரையை ஒட்டியுள்ள ஊர் சக்கிமங்கலம். அங்கே பிறந்தவர் ரேவதி வீரமணி.

ஆறு வயது நிரம்புவதற்கு முன்பே ரேவதியின் அப்பா இறந்துவிட்டார். ஆறு மாதத்தில் அம்மாவும் போய்விட்டார். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்துதான் அவர் இரண்டு பேத்திகளையும் காப்பாற்றினார்.

"ரெண்டு பொண்ணுங்களையும் வேலைக்கு அனுப்பு, உனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று உறவினர்கள் சொன்னார்கள். பாட்டி மறுத்துவிட்டார். இருவரையும் அரசு விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்.

ரேவதி பள்ளியில் ஓடிக்கொண்டிருந்தார். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு மண்டல அளவிலான போட்டியில் வெறுங்காலோடு ஓடினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன். "இந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் எங்கேயோ போவாள்" என்று அவருக்குத் தோன்றியது.

மதுரை மைதானத்துக்குத் தினமும் பஸ்ஸில் வர வேண்டும். போக வர 40 ரூபாய். கூலி வேலை செய்யும் பாட்டிக்கு அது பெரிய தொகை. அதனால் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடவில்லை. பாட்டியிடம் பேசினார். ரேவதிக்கு மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க உதவினார்.

பார்த்தீர்களா குழந்தைகளே! ஒருவர் போய்ப் பேசினார். அவ்வளவுதான். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

வெறுங்காலிலிருந்து டோக்கியோ வரை

2016-இல் கோவையில் தேசிய ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. அதிலும் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார். 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் வென்றார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சரியான ஓட்டக் காலணிகளும் சத்தான உணவும் கிடைத்தன.

2019-இல் பஞ்சாபில் உள்ள பாட்டியாலாவுக்குத் தேசியப் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கிருந்த பயிற்சியாளர் கலினா புகாரினா, "நீ 400 மீட்டர் ஓடு" என்று மாற்றிவிட்டார். தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலையும் கிடைத்தது.

2021 ஜூலை 4. பாட்டியாலாவில் ஒலிம்பிக் அணிக்கான தேர்வு ஓட்டம். 400 மீட்டரை 53.55 நொடிகளில் ஓடி ரேவதி முதலிடம் பிடித்தார். நமக்குத்தான் கணக்கு பிடிக்குமே, வகுத்துப் பார்ப்போமா? ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஏழரை மீட்டர்! 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் உங்கள் வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்விடலாம்.

கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் அந்த ஆண்டு நடந்தது. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் சேர்ந்து ஓடும் 4 x 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது அப்போதுதான். இந்திய அணியில் ரேவதியோடு ஓடியவர்கள் முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். இதில் சுபாவும் ஆரோக்கிய ராஜீவும் திருச்சிக்காரர்கள். நான்கு பேரில் மூன்று பேர் நம் தமிழ்நாடு!

முடிவு என்ன ஆயிற்று? 2021 ஜூலை 30 அன்று நடந்த தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 19.93 நொடிகளில் ஓடி, நம் அணி அந்தச் சுற்றில் எட்டாவதாக, கடைசியாக வந்தது.

"அய்யோ, கடைசியா?" என்று கேட்கிறீர்களா? அந்தப் போட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் 16 அணிகளுக்கு மட்டுமே இடம் உண்டு. அதில் ஒன்று நம்முடையது. செங்கல் சூளையில் உழைத்த பாட்டியின் பேத்தி நின்றது அந்தக் கோட்டில்.

'பெண்களுக்கு ஆகாது' என்றார்கள்!

"பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று கேட்டவர்கள் நம் ஊரில் மட்டும் இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். உலகம் முழுவதும் அப்படித்தான் கேட்டார்கள்.

1896-இல் முதல் நவீன ஒலிம்பிக் ஏதென்ஸ் நகரில் நடந்தது. அதில் ஒரு பெண்கூடக் கலந்துகொள்ள அனுமதி இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 1928-இல்தான் பெண்களைத் தடகளத்தில் சேர்த்தார்கள். அதில் 800 மீட்டர் ஓட்டமும் இருந்தது. ஓட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் களைத்துப் போயிருந்தார்கள். ஓடினால் யாருக்குத்தான் களைக்காது? ஆனால் "இவ்வளவு தூரம் பெண்களுக்கு ஆகாது" என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது ஒலிம்பிக்குக்குத் திரும்பி வர 1960 வரை, 32 வருடங்கள் ஆயிற்று!

பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது 1964-இல். எந்த ஊரில் தெரியுமா? அதே டோக்கியோவில்!

நம் நாட்டில் பி.டி. உஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் கேரள அரசு பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. அதில் சேர்ந்த 40 சிறுமிகளில் ஒருவர் அவர். பயிற்சியாளர் நம்பியார் அவரை வளர்த்தெடுத்தார். எட்டே வருடத்தில், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41 நொடி. உஷாவின் நேரம் 55.42 நொடி. ஒரு நொடியை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கில் பதக்கம் போயிற்று!

பதக்கம் கிடைக்கவில்லை என்று யாராவது உஷாவை மறந்தார்களா? வேகமாக ஓடும் பெண்ணைப் பார்த்தால் "இவ பெரிய பி.டி. உஷா!" என்றுதானே நம் ஊரில் சொல்கிறோம்.

உங்கள் பள்ளியிலிருந்து ஒரு ஏணி

சரி, பள்ளி மைதானத்தில் ஓடும் ஒரு பெண் மேலே போவது எப்படி?

முதல் படி உங்கள் பள்ளி விளையாட்டு விழா. அடுத்தது குறுவட்டப் போட்டி. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் இதில் மோதும். அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டப் போட்டி. அதற்கு மேல் மாநிலப் போட்டி, பிறகு தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி. 14 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. தமிழ்நாட்டில் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்ற பெயர்களில் நடப்பவை இவைதான். எனவே எட்டாம் வகுப்புப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு அக்காவோடு மோத வேண்டியதில்லை. பயப்படாதீர்கள்!

ஓட்டம் மட்டும்தான் விளையாட்டு என்றும் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்ற புள்ளிக் கணக்கில் வென்று தங்கம் வாங்கியது. அந்த அணியின் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள் பாட்மின்டனில் பதக்கம் வென்றார்கள்.

விளையாட வராது என்பவர்களுக்கும் பள்ளியில் இடம் இருக்கிறது. சாரணியர் இயக்கம், செஞ்சிலுவைச் சங்கம், இலக்கிய மன்றம், அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா என்று எத்தனையோ. அன்று மைதானத்தில் கோடு போட உதவிய நான்கு பெண்களில் ஒருத்திக்கு ஓடவே வராது. ஆனால் நிறுத்து கடிகாரத்தைப் பிடித்து நேரம் குறிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை!

செருப்பைப் பிடித்திருந்த அம்மா

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில், பெற்றோர்கள் நின்ற இடத்தில், ஒரு முகம் தெரிந்த முகமாக இருந்தது. உற்றுப் பார்த்தேன். அதே பூப் பறிக்கும் பெண்! இப்போது ஒரு பிள்ளைக்கு அம்மா. கையில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு.

"டீச்சர், எம் மக ஓடுறா டீச்சர். ஆறாங் கிளாஸ்" என்றாள்.

விசில் ஊதியது. பிள்ளைகள் பறந்தார்கள். இவள் செருப்பை மார்போடு பிடித்துக்கொண்டு, "ஓடு, ஓடு!" என்று கத்தினாள். மகள் நான்காவதாக வந்தாள். பரிசு இல்லை.

"நாலாவது வந்துட்டா டீச்சர்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உன்னை அன்னைக்கு ஓட விடச் சொல்லி நான் உங்க அம்மாகிட்ட பேசியிருக்கணும்மா" என்றேன்.

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும் டீச்சர்" என்றாள். பிறகு மகளுக்குச் செருப்பைக் கொடுக்க ஓடிவிட்டாள். இன்னமும் நல்ல வேகம்!

அதனால் குழந்தைகளே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: உங்கள் தோழி யாராவது திடீரென்று விளையாட வராமல் போனால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் டீச்சரிடம் சொல்லுங்கள். யாராவது ஒருவர் அவள் வீட்டில் போய்ப் பேசட்டும்.

இரண்டு: தம்பிகளே, அண்ணன்களே! உங்கள் அக்காவோ தங்கையோ பயிற்சிக்குப் போக வேண்டிய நேரத்தில் தண்ணீர்க் குடத்தையும் பாத்திரத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பதக்கத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

மூன்று: கடைசியாக ஓடி வருபவருக்கும் கை தட்டுங்கள். கோட்டில் வந்து நின்றதே ஒரு வெற்றிதான்.

அப்புறம், கணக்கு டீச்சர் பி.டி. பீரியடைக் கடன் கேட்டால் என்ன செய்வது? கோபப்படாதீர்கள், பாவம் அவர்! "டீச்சர், சுண்ணாம்புத் தூள் ரெடியா இருக்கு. இன்னைக்குக் கணக்கை கிரவுண்டுல போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.